கொலு பார்க்கப் போறீங்களா? ஏழு படிகளில் ஒரு முழுமையான வழிகாட்டி

மகாளய அமாவாசைக்கு மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். “சாயங்காலம் வெத்தலை பாக்கு வாங்கிக்க வந்துடுடி.” இப்படிக் கூப்பிடுகிறவள் ஒரு வாரமாகப் பரணில் ஏறி இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு பொம்மையையும் பழைய நியூஸ்பேப்பரிலிருந்து பிரித்து, ஈரத்துணி படாமல் பிரஷ்ஷால் தூசி தட்டி, எந்தப் படியில் யார் என்று புருஷனோடு சண்டை போட்டு முடித்திருக்கிறாள். அவ்வளவையும் சொல்லாமல் வெத்தலை பாக்கு என்று மட்டும் சொல்கிறாள். வந்து பார், பார்த்துவிட்டு ஏதாவது சொல் என்று அர்த்தம்.

அந்த ‘ஏதாவது’ சொல்வதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். செருப்பை வாசலில் விட்டோம், “சூப்பரா இருக்கு” என்றோம், நாலு போட்டோ, சுண்டல் பொட்டலம், அடுத்த வீடு. நானும் பல வருஷம் அப்படித்தான் சுற்றினேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொந்தமாக மூன்று படி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ‘சூப்பர்’ என்ற சொல் கொலு வைத்தவள் காதில் ஏறவே ஏறாது. “செட்டியாருக்குப் புதுசா தராசு வச்சிருக்கே போல?” என்று ஒருத்தி கேட்டாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கொலுவில் படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும் என்பதால் இந்த வழிகாட்டிக்கும் ஏழு படி வைத்திருக்கிறேன்.

முதல் படி: கிளம்புவதற்கு முன்

“இந்த வருஷம் கொலு வைக்கலையா?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வீட்டில் சாவு விழுந்த வருஷம் பல குடும்பங்கள் கொலு வைப்பதில்லை. உங்களுக்குச் சேதி எட்டாமலே போயிருக்கலாம். கொலு வைக்கும் வழக்கமே இல்லாத வீடுகளும் ஏராளம். அவர்கள் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் உங்கள் வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

நேரம் விளக்கேற்றிய பிறகு, ஆறரையிலிருந்து எட்டு வரை. எட்டரைக்கு மேல் போனால், காலிலேயே நின்று அலுத்துப்போனவள் முகத்தில் சிரிப்பு இருக்கும், உடம்பில் தெம்பு இருக்காது.

எந்த நாள் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் நாள் வேண்டாம், சீரியல் லைட் பாதி எரிந்து பாதி எரியாமல் இருக்கும். சனி, ஞாயிறு வேண்டாம், ஹாலில் நிற்க இடம் கிடைக்காது. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை, அன்று வீட்டுக்காரர்கள் புத்தகம் அடுக்குவதிலும் கருவிகளுக்குப் பொட்டு வைப்பதிலும் மும்முரமாக இருப்பார்கள். நான் சொல்வது நான்காம் நாள் அல்லது ஐந்தாம் நாள், அதுவும் வாரநாளாக இருந்தால் உத்தமம். கொலுவுக்குக் கீழே தரையில் மண் பரப்பிக் குட்டிப் பார்க் வைத்திருந்தால் அதில் தூவிய கடுகும் வெந்தயமும் அதற்குள் முளைத்து ஒரு விரற்கடை உயரத்துக்கு நிற்கும். குழந்தைகள் அதை ‘நெல் வயல்’ என்று காட்டுவார்கள். ஆமாம், வயல்தான் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு வீடு போதும். மூன்றாவது வீட்டில் பட்டாணி சுண்டலைப் பார்த்ததும் வயிறு முகத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: கையில் என்ன கொண்டுபோவது

பூ, பழம், வெற்றிலை பாக்கு எப்போதும் சரி. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்று பல வீடுகளில் வழக்கம் உண்டு, அதனால் பொம்மையும் நல்ல பரிசுதான். ஆனால் சிறியதாக இருக்கட்டும். முழு கும்பகர்ணன் செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எழுநூறு சதுர அடி ஃபிளாட்டில் மீதி முந்நூற்றைம்பது நாளும் அவன் எங்கே தூங்குவான் என்ற கவலையையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நடைபாதை முழுக்கப் பொம்மைதான். கூட்டமும் பேரமும் பிடிக்கும் என்றால் அங்கே போங்கள். பொம்மை செய்கிறவர்கள் இருக்கும் இடத்திலேயே வாங்க வேண்டும் என்றால் கொசப்பேட்டை, மதுரைப் பக்கம் விளாச்சேரி, கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி, காஞ்சிபுரம் என்று ஊருக்கு ஊர் இருக்கிறது. நவராத்திரிக்கு முன் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையங்களில் கண்காட்சி போடுவார்கள், பல ஊர்ப் பொம்மைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். பஸ்ஸில், ரயிலில் எடுத்துப்போவதாக இருந்தால் காகிதக்கூழ்ப் பொம்மை வாங்குங்கள். மண்பொம்மைக்கு மடிதான் பாதுகாப்பான இடம்.

இன்னொன்று. வாங்குவதற்கு முன், “உன்கிட்ட எது இல்ல?” என்று வீட்டுக்காரியிடமே கேட்டுவிடுங்கள். மூன்றாவது தசாவதார செட் யாருக்கும் வேண்டாம்.

மூன்றாம் படி: எங்கே நின்று பார்ப்பது

உள்ளே நுழைந்ததும் படிகளை ஒட்டிப் போய் நிற்காதீர்கள். எதிர்ச்சுவரில் முதுகு படும் அளவு தள்ளி நின்று முழுசையும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் தரையில் உட்காருங்கள். இது முக்கியம். நின்றுகொண்டு பார்த்தால் கண் நேராக மேல்படிக் கலசத்துக்கும் அம்மனுக்கும் போய்விடும். கீழ் இரண்டு படிகளில்தான் அந்த வீட்டுக் குறும்பெல்லாம் இருக்கும்.

பொம்மைகளுக்கு முன்னால் துணியைப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கொலுவில் முதலில் செய்யும் வேலை அதுதான், கஷ்டமான வேலையும் அதுதான். இப்போது நட்டு போல்ட்டு போட்டு மாட்டும் ஸ்டீல் படிகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் ட்ரங்குப் பெட்டி, பெஞ்சு, மேஜை, கெட்டியான புத்தகக் கட்டு எல்லாவற்றையும் அடுக்கி மேலே வேஷ்டி விரிப்பார்கள். என் தோழி ஒருத்தி வீட்டில் இன்றும் பெட்டி அடுக்குதான். வெள்ளை வேஷ்டியின் மயில்கண் கரை ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நூல் பிடித்ததுபோல் நேராக வரும், ஒரு சுருக்கம் இருக்காது. எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு படி மூலையிலும் துணிக்கு அடியில் குண்டூசி குத்தி, மடிப்பை உள்ளே தள்ளியிருக்கிறாள். அதற்கு மட்டும் மூன்று மணி நேரம். “எட்டு வருஷமா வைக்கிறேன், துணியப் பத்திக் கேட்ட மொத ஆளு நீதான்” என்றாள்.

நான்காம் படி: பொம்மையைப் படிப்பது

கீழிருந்து மேலே போங்கள். கீழே புல் பூண்டு, மேலே ஏற ஏற உயிரினங்கள், மனிதர்கள், மகான்கள், உச்சியில் தெய்வங்கள் என்று ஓரறிவிலிருந்து அடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். நடைமுறையில் உயரமான பொம்மை பின்னால், குள்ளமானது முன்னால் என்பதுதான் சட்டம். ஒரு வீட்டில் ஒட்டகச்சிவிங்கி ஆழ்வார்களுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வேறு எங்கும் அது நிற்காதாம்.

பார்க்கத் தவறக் கூடாதவற்றில் முதல் இடம் மரப்பாச்சிக்கு. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி, பெரும்பாலும் மேல்படியில் இருக்கும். கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்ததால், கொலுவிலேயே வயதில் மூத்தவர்கள் அநேகமாக இந்த ஜோடியாகத்தான் இருப்பார்கள். பழையவை செம்மரத்தில் செய்தவை. செம்மரத்துக்கு இப்போது கட்டுப்பாடு அதிகம் என்பதால் கடைகளில் வேறு மரத்தில் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். பழைய மரப்பாச்சியின் மூக்கு தேய்ந்திருக்கும், நாலு தலைமுறைக் குழந்தைகள் வாயில் வைத்துக் கடித்த மூக்கு அது. அதன் உடையையும் கவனியுங்கள். மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் உடை தைப்பது வழக்கம். தோழி வீட்டு மரப்பாச்சிக்குக் கட்டியிருந்த அரக்குப் பட்டு அவள் முகூர்த்தப் புடவையின் கிழிந்த முந்தானை. இடுப்பில் ஒட்டியாணமாக ஜரிகையைச் சுற்றி, பின்பக்கம் ஒரு பிரஸ் பட்டன். முன்னால் நின்று பார்த்தால் பட்டன் தெரியாது, பக்கவாட்டில் குனிந்தால் தெரியும்.

அடுத்து செட்டியார். தொப்பையும் கணக்குப் புத்தகமுமாக மனைவியோடு கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார். முன்னால் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி, துவரம்பருப்பு, மிளகு, வெல்லம். வெல்லக் கிண்ணத்தில் எறும்பு வந்திருந்தால் வாயைத் திறக்காதீர்கள், அவர்களுக்கும் தெரியும்.

தசாவதாரத்தை எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்து செட்டுகளில் பலராமர், கிருஷ்ணர் இருவரும் வரிசையில் இருப்பார்கள். வடக்கே சில பட்டியல்களில் வரும் புத்தர் இதில் வரமாட்டார். வரிசை மாறி வாமனர் நரசிம்மருக்கு முன்னால் வந்திருந்தால், அது பெரும்பாலும் வீட்டுக் குழந்தை அடுக்கிய படியாக இருக்கும். திருத்த வேண்டாம்.

கைவேலை தெரிந்து பாராட்ட வேண்டுமானால் பொருளைக் கொஞ்சம் அடையாளம் காணப் பழகுங்கள். சுட்ட மண்பொம்மையில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் செங்கல் நிறம் தெரியும். சாக்குக்கட்டி வெள்ளையாகத் தெரிந்தால் பிளாஸ்டர். மண்பொம்மையை முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுவதால் காதுக்குப் பின்னால் மெல்லிய கோடு ஓடும். நல்ல கை அந்தக் கோட்டைத் தேய்த்தே மறைத்திருக்கும். கண் எழுதியிருக்கும் விதத்தையும் பாருங்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு கிருஷ்ணர்களில் ஒருவர் உங்களைப் பார்ப்பார், இன்னொருவர் உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்ப்பார். வித்தியாசம் பிரஷ்ஷில்தான்.

மரப்பொம்மைகளில் ஆந்திரத்துக் கொண்டபல்லி தனி ரகம். புனிகி என்ற லேசான மரத்தில் பாகம் பாகமாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையில் மரத்தூள் கலந்து ஒட்டுவார்கள். மாட்டுவண்டி, பனையேறி, அம்பாரி யானை எல்லாம் அங்கிருந்து வருபவை. உருண்டையாக, வழவழவென்று, மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் கர்நாடகத்துச் சென்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், அந்தப் பளபளப்பு அதனால் வருவது. தஞ்சாவூர் ஆட்டக்காரி பாவாடை, உடம்பு, தலை என்று தனித்தனி பாகங்களாக உட்கார்ந்திருப்பவள். ஃபேன் காற்றுக்கே தலையாட்டுவாள். பார்த்தவுடன், “கொண்டபல்லிதானே இது?” என்று கேளுங்கள், அப்புறம் வீட்டுக்காரி உங்களை விடவே மாட்டாள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அந்த வீட்டில் மட்டுமே இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். கட்டாயம் இருக்கும். என் கல்லூரித் தோழி வீட்டில் கிரிக்கெட் செட், பதினோரு பேரில் ஒருவர் பல வருஷத்துக்கு முன்பே உடைந்துவிட்டார். அந்த இடத்தில் போக்குவரத்து போலீஸ்காரர் ஒருவரைக் கையை நீட்டியபடி நிறுத்தியிருக்கிறார்கள். வைடு காட்டுகிறாராம். கடையில் வாங்கிய பத்தாயிரம் ரூபாய் செட்டைவிட எனக்கு அந்த அம்பயரைத்தான் பிடிக்கும்.

ஐந்தாம் படி: என்ன கேட்பது, எதை விழுங்குவது

கேள்விதான் நல்ல பாராட்டு. “இது யார் வாங்கினது?”, “இதுல ரொம்பப் பழசு எது?”, “இந்த வருஷத்துப் புதுசு எது?” இந்த மூன்றும் எந்த வீட்டிலும் செல்லும். குழந்தையிடம் தனியாக, “நீ வச்ச பொம்மை எது?” என்று கேளுங்கள். புருஷனிடம் லைட்டைப் பற்றிக் கேளுங்கள். பாவம், ஒயர் இழுத்தவரை யாரும் கேட்பதே இல்லை.

விழுங்க வேண்டியவை: “போன வருஷம் ஏழு படி இல்ல?” “இது எவ்வளவு?” “எதிர்வீட்டுல தண்ணி விழற மாதிரி வச்சிருக்காங்க, பார்த்தியா?” கடைசியாகச் சொன்னதை நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் சொல்லாதீர்கள். வாஸ்து பற்றியும் பேச வேண்டாம்.

இன்னொரு விஷயம் நெடுநாளாக எனக்கு உறுத்தல். கணவர் தவறிய பிறகு பல வீடுகளில் அம்மாக்கள் நவராத்திரி சாயங்காலங்களில் உள் அறையோடு நின்றுவிடுகிறார்கள். முப்பது, நாற்பது வருஷம் அந்தக் கொலுவை வைத்ததே அவர்களாகத்தான் இருப்பார்கள். நம்மால் ஒன்று செய்ய முடியும். “அம்மா எங்கே? இந்தக் கல்யாண செட்டு கதைய அவங்க சொல்லித்தான் கேக்கணும்” என்று சத்தமாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் அப்படிக் கேட்டபோது அந்த அம்மா கதவோரம் வந்து நின்றார். “அது காஞ்சிபுரத்துல எங்க அப்பா வாங்கித் தந்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் வேற செட்டு” என்று ஆரம்பித்தவர், அரை மணி நேரம் கழித்து எங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது தாம்பூலத் தட்டைத் தோழி முதலில் தன் அம்மாவிடம்தான் நீட்டினாள்.

ஆறாம் படி: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தொடாதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு. ஒரு தோழி வீட்டில், அடியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று, புல்லாங்குழல் கிருஷ்ணரைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். கை என்னிடமே இருந்தது, கிருஷ்ணர் படிக்குத் திரும்பிவிட்டார். அவள் மாமியார், “பரவால்லம்மா, கண் திருஷ்டி போச்சு” என்றார். அந்தப் ‘பரவால்லம்மா’ எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் போனபோது அதே கிருஷ்ணர் அதே இடத்தில் இருந்தார். எம்-சீல் போட்டுக் கையை ஒட்டி, ஒட்டு தெரியாமலிருக்க முழங்கை வரை பொன்னிறக் காகிதத்தில் வளையல் சுற்றியிருந்தார்கள். மற்ற பொம்மைகளைவிட அவருக்குத்தான் நகை அதிகம்.

எடுத்துப் பார்க்கச் சொல்லி அவர்களே கொடுத்தால், ஒரு உள்ளங்கை அடிப்பாகத்துக்குக் கீழே, மறு கை முதுகில். தலையையும் கையையும் பிடித்துத் தூக்கவே கூடாது. மண்பொம்மை உள்ளே கூடு, ஒட்டிய இடத்தில்தான் முதலில் விடும்.

போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பெயிண்ட் மினுங்கி முகமெல்லாம் வெளுத்துவிடும். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் அழகாக வரும். முழுக் கொலுவுக்கு ஒன்று, பிடித்த பொம்மைக்கு ஒன்று போதும். ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால் அனுமதி வாங்குங்கள். கூப்பிடாத சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் சொல்வது அவர்கள்தானே.

ஏழாம் படி: சுண்டல், பாட்டு, தாம்பூலம்

சுண்டலை அங்கேயே உட்கார்ந்து இரண்டு வாயாவது சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவது சரியில்லை. வெள்ளிக்கிழமை என்றால் சில வீடுகளில் வெல்லப் புட்டு கிடைக்கும். உதிரியாக வந்திருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள், பாகு பதம் தப்பாமல் புட்டு செய்வது லேசு இல்லை.

“ஒரு பாட்டுப் பாடேன்” என்று கேட்பார்கள். தெரிந்தால் ஒரு நாலு வரி பாடிவிடுங்கள், சுருதி முக்கியமில்லை. தெரியாவிட்டால் முதல் தடவையே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். “ஐயோ, தொண்டை கட்டியிருக்கு” என்று பத்து நிமிடம் இழுத்துவிட்டு அப்புறம் மூன்று கீர்த்தனை பாடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது மாட்டுகிறார்கள்.

தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துணி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது ஊரைச் சுற்றும் துணி, எல்லோருக்கும் தெரியும். யார் கொடுத்தது என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடாமல் இருக்க. நான் ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தோழிக்கு ஒரே ஒரு பொம்மையின் போட்டோவை அனுப்பி, அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். இருபது போட்டோவை மொத்தமாகக் கொட்டினால் ஒன்றைக்கூடப் பார்க்கமாட்டாள்.

நெருங்கிய தோழி என்றால் விஜயதசமிக்கு மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைத்திருப்பார்கள், மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டும். அடுக்கும்போது கூட்டமாக நிற்கிற வீட்டில் பிரிக்கும்போது ஒரு ஆள் இருக்கமாட்டார்கள். பழைய பேப்பரும் கிழிந்த பருத்திப் புடவையும் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் ஈரம் கோர்த்துப் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும். கனமானது பெட்டியின் அடியில், காகிதக்கூழ் மேலே. பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று மார்க்கரில் எழுதுவதை உங்களிடம் விட்டால் உடைந்ததையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தோழி வீட்டுப் பரணில் என் கையெழுத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது: ‘கல்யாண செட். மாப்பிள்ளைக்கு ஒரு காது இல்லை. தவில்காரர் அடுத்த பெட்டியில்.’